நசுங்கிய நாலு எலுமிச்சம்பழம்

“வீட்டைத் திருடிட்டாங்களாம். கிளம்பு.”

வான்மதி போனை வைத்துவிட்டு இப்படிச் சொன்னபோது பெனிஷ் கேசரிக்குள் முந்திரி தேடிக்கொண்டிருந்தான்.

“வீட்டுல இருந்து என்னத்தக்கா திருடினாங்க?”

“ஒண்ணையும் திருடல. வீட்டையே ஓட்டிட்டுப் போயிட்டாங்க. மோட்டார் ஹோம்.”

முந்திரி கிடைத்துவிட்டது. அதை நிம்மதியாகத் தின்ன விட்டால் அது வான்மதி இல்லையே! கோபிச்செட்டிப்பாளையத்தில் பிறந்தவள். பதினாறு வருஷம் டெக்சாஸில் இன்சூரன்ஸ் க்ளெய்ம்களில் பொய் பிடித்துப் பிடித்து அலுத்துப்போய், சுகர் லேண்டில் ஒரு பல் டாக்டருக்கும் டோனட் கடைக்கும் நடுவே துப்பறியும் ஆபீஸ் போட்டவள். பெனிஷ் அவளுடைய ஒரே அசிஸ்டென்ட். முப்பத்தொரு வயசு, மார்த்தாண்டத்துக்காரன், முன்பு சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருந்தவன். ‘அங்கயும் அடுத்தவன் தப்பைக் கண்டுபிடிக்கிற வேலைதான், இங்க கொஞ்சம் வெயில் படுது’ என்பது அவன் கட்சி.

ஃப்ரீவேயில் தெற்கே மூன்று மணி நேரம். வழியெல்லாம் வான்மதி வறுகடலையைக் கொறித்தபடி கேஸைச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

“திருமூர்த்தின்னு ஒரு அங்கிள். ரிச்சர்ட்சன்ல டெலிகாம் இன்ஜினியரா இருந்து ரிட்டையர் ஆனவர். குளிர் தாங்கலன்னு வின்டர் லீவுக்கு மோட்டார் ஹோம்ல குடும்பத்தோட கடலோரமா இறங்கி வந்திருக்கார். வண்டியில அவரு, நாகமணி ஆன்ட்டி, பொண்ணு அதிதி. அதிதி கல்யாணம் பண்ணிக்கப் போற பையன் கிரிஸ், அதிதி காரை எடுத்துக்கிட்டுப் பின்னாலயே வந்திருக்கான்.”

“பொண்ணு வீட்டுல, மாப்பிள்ளை கார்லயா? நல்ல ஒழுக்கமான குடும்பம்.”

“மாப்பிள்ளைன்னு சொல்லாத. அங்கிள் இன்னும் ‘அந்தப் பையன்’னுதான் சொல்றார். இன்னைக்கு மத்தியானம் மூணு மணிக்கு கிரிஸோட அப்பா அம்மா கலிபோர்னியால இருந்து வர்றாங்க, தேதி குறிக்க. காலையில பாத்தா வண்டியைக் காணோம். ஓட்டிட்டுப் போனது கிரிஸ்தான்னு அங்கிள் அடிச்சுச் சொல்றார்.”

“மாமனார் வீட்டைத் தூக்கிட்டுப் போற மாப்பிள்ளையை இப்பத்தாங்க்கா கேள்விப்படுறேன். பொதுவா உள்ள இருக்கிறதைத்தான் கேப்பாங்க.”

“சிரிக்காத பெனிஷ். மூணு மணிக்குள்ள வண்டி வரலன்னா அங்கிள் போலீஸ்ல பேரைக் குடுக்கப் போறார். கிரிஸ் கிரீன் கார்டுக்கு வரிசையில நிக்கிறான். வண்டித் திருட்டுக் கேஸ்னு பேர்ல ஏறிச்சுன்னா கல்யாணமும் போச்சு, கார்டும் போச்சு.”

பெனிஷ் சிரிப்பை விழுங்கிவிட்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தான். கிரீன் கார்டு வரிசையில் நின்றவனுக்குத்தான் அந்த வயிற்றெரிச்சல் தெரியும்.

ராக்போர்ட்டைத் தாண்டி, கடலைப் பார்த்தபடி இருந்தது மோட்டார் ஹோம்களை வாடகைக்கு நிறுத்தும் அந்த ஆர்.வி. பார்க். டிசம்பர் இருபத்தேழாம் தேதியில் அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாக வெள்ளைக்காரப் பெரியவர்கள் உலாத்திக்கொண்டிருந்தார்கள். இருபத்திரண்டாம் நம்பர் இடத்தில் வெறும் சிமென்ட் தளம். ஓரத்தில் மிதியடி. மிதியடிக்குப் பக்கத்தில் மூன்று ஜோடிச் செருப்பு ஒழுங்காக வரிசை கட்டியிருந்தது. வீடு மட்டும் இல்லை.

பிக்னிக் டேபிளில் உட்கார்ந்திருந்த திருமூர்த்தி தடித்த கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

“வாங்க கண்ணு, வாங்க. செருப்பை வெளியில விட்டுட்டு வாங்க.”

“எதுக்கு வெளியில அங்கிள்?” என்றான் பெனிஷ்.

அவர் பாவம், ஒரு நொடி திகைத்து நின்றார். வான்மதி பெனிஷின் காலை மிதித்தாள்.

“உக்காருங்க. நாகமணி ஃபிளாஸ்க்ல காபி வச்சிட்டுப் போயிருக்கா.” ஊற்றினார். பாதி காபி டம்ளரில், பாதி டேபிளில். வீட்டைப் பறிகொடுத்தவருக்குக் கை நடுங்காமல் என்ன செய்யும் என்று பெனிஷ் இரக்கப்பட்டு, டேபிளைத் துடைத்துவிட்டான்.

“ஆன்ட்டி எங்க?”

“அவளும் அதிதியும் கார்ல விடிகாலையிலயே கார்ப்பஸ் கிறிஸ்டி மாலுக்குப் போறதா நேத்தே சொல்லிட்டாங்க. வர்றவங்களுக்குத் துணிமணி எடுக்கணுமாம். காபியும் மளிகை லிஸ்ட்டும் டேபிள்ல இருந்துது. லிஸ்ட்டை எடுத்து பாக்கெட்ல வச்சுக்கிட்டேன். இந்த விஷயத்தை அவளுக்கு நான் சொல்லலீங்க. பிரஷர் இருக்கு அவளுக்கு. நீங்களும் வாயைத் தொறந்துராதீங்க.”

“சரிங்க அங்கிள். காலையில என்ன நடந்துச்சு, நீங்களே சொல்லுங்க.”

“ஆறரைக்கு வாக்கிங் போனேன். அதோ அந்தப் படகுத்துறை வரைக்கும். ஏழு மணி இருக்கும், என்ற வண்டி சத்தம் கேக்குது. எனக்குத் தெரியாதா என்ற வண்டி சத்தம்! திரும்பிப் பாக்குறேன், ரோட்டுல போகுது. ஸ்டியரிங்ல அந்தப் பையன். சிவப்புத் தொப்பி. வந்ததுல இருந்து அதைக் கழட்டவே இல்ல அவன். ஸ்பேர் சாவி அவன்கிட்டதான் இருக்கு. அவன் போனும் ஆஃப். நீங்களே பாத்துப் போடுங்க கண்ணு.” போனை வான்மதியிடம் நீட்டினார்.

வான்மதி போட்டுப் பார்த்தாள். ஆஃப்தான்.

“நேத்து ஏதாவது சண்டையா?”

திருமூர்த்தியின் முகம் சிவந்தது. “நாளைக்கு எல்லாரையும் ஏத்திக்கிட்டு சவுத் பாட்ரே தீவுக்குப் போறதா பிளான். கடல் மேல ரெண்டரை மைல் பாலம் இருக்குதுங்க. அந்தப் பையன் ‘பாலத்துல நான் ஓட்டட்டுமா அங்கிள்’ங்கறான். என்ற வண்டி! ரிட்டையர் ஆகி ஆசை ஆசையா வாங்கினது. ஒரு சின்னப் பய வந்து ஸ்டியரிங் கேட்டா விடுவனா? ‘நாகமணி பக்கத்துல உக்காந்து எக்ஸிட் போர்டைப் படிப்பா, நான் ஓட்டுவேன், உன்ற வேலையைப் பாரு’ன்னு சொல்லிப்போட்டேன். மூஞ்சி தொங்கிப்போச்சு அவனுக்கு.”

“இவ்வளவு உறுதியா கிரிஸ்தான்னு…”

“என்ற ரெண்டு கண்ணால பாத்தேன் கண்ணு! வேற என்ன சாட்சி வேணும்?”

பெனிஷுக்கே கிரிஸ் மேல் சந்தேகம் வந்துவிட்டது. சாவி, கோபம், தொப்பி, ஆஃப் ஆன போன். ரெண்டு ரூபாய் கேஸ் மாதிரி இருக்கிறதே, இதற்கா மூன்று மணி நேரம் வண்டி ஓட்டினோம் என்று கொட்டாவி விட்டான்.

வான்மதி எழுந்து காலி இடத்தைச் சுற்றி வந்தாள். கரன்ட் பெட்டி மூடியிருந்தது. சாக்கடைக் குழாய்க்கு மூடி போட்டிருந்தது. தண்ணீர் ஹோஸைச் சுருட்டி, அவிழாமல் இருக்கச் சேலைக் கிழிசலால் கட்டி வைத்திருந்தார்கள்.

“அவசரமே படாத திருடன்க்கா. வீட்டைக் காலி பண்ணிட்டு விளக்கை அணைச்சிட்டுப் போயிருக்கான்.”

வான்மதி குத்துக்காலிட்டு உட்கார்ந்து சிமென்ட்டையே பார்த்தாள்.

“அங்கிள், இந்த எலுமிச்சம்பழம்?”

“எங்க?” என்றார் திருமூர்த்தி.

அவர் வலது காலுக்கு ஒரு சாண் தள்ளி ஒன்று கிடந்தது. அப்பளமாக நசுங்கி, விதை பிதுங்கி. அதே வரிசையில் இன்னொன்று. பின்னால் இரண்டு. வண்டியின் நான்கு மூலைக்கும் ஒவ்வொன்று.

பெனிஷ் கையைத் தட்டினான். “அக்கா, கிரிஸ் எஸ்கேப்! அவங்க நாகர்கோவில் சி.எஸ்.ஐ. கிறிஸ்தவக் குடும்பம்னு சொன்னீங்கள்ல? எங்க ஆளுங்க வண்டி எடுத்தா பாஸ்டரைக் கூப்பிட்டு ஜெபம் பண்ணுவோம். எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்குக் குடுக்க மாட்டோம், ஊறுகாதான் போடுவோம்.”

“அப்ப, பழம் வச்சது யாரு?” திருமூர்த்தி குழம்பினார். “நாகமணி வைப்பா. ஆனா ரிச்சர்ட்சன்ல கிளம்புறன்னைக்கு வச்சதோட சரி. அப்புறம் மூணு ஊர் மாறினோம், ஒரு பழம் வைக்கலையே.”

வான்மதி மெல்ல எழுந்தாள். கண்ணில் ஒரு மினுக்கம். அந்த மினுக்கம் வந்தால் பெனிஷுக்குத் தெரியும், அக்காவுக்கு நூல் கிடைத்துவிட்டது, இனி துணி முழுக்க உருவாமல் விடமாட்டாள்.

“எலுமிச்சம்பழம் எப்ப வைப்பாங்க பெனிஷ்? புது வண்டி எடுத்தா வைப்பாங்க. பெரிய பயணம் கிளம்புனா வைப்பாங்க. இந்த வண்டி புதுசு இல்ல. பயணத்துக்கும் ஏற்கெனவே வச்சாச்சு. பின்ன இன்னைக்கு எதுக்கு நாலு பழம்?”

“எதுக்குக்கா?”

“வண்டி பழசு. ஓட்டுன கை புதுசு.”

திருமூர்த்தி ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வான்மதி பெனிஷைத் தனியே இழுத்துக்கொண்டு போய், தன் போனில் அதிதியின் நம்பரைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

“ஹலோ? ஹூ இஸ் திஸ்?”

“அதிதி, நான் அப்பாவோட ஃப்ரெண்டும்மா, வான்மதி ஆன்ட்டி. அம்மாகிட்டப் பேசணுமே.”

“ஓ… ஹாய் ஆன்ட்டி. வீ ஆர் அட் த மால். அம்மா இஸ்… ட்ரையல் ரூம்ல இருக்காங்க. ஷீ வில் கால் யூ, ஓகே?”

அப்போது கேட்டது அந்தச் சத்தம். உலகத்தில் எந்த மூலையில் இருந்தாலும் தமிழன் தூக்கத்தில்கூட அடையாளம் கண்டுபிடித்து எண்ண ஆரம்பித்துவிடும் சத்தம். உஸ்ஸ்ஸ்… விசில்! கொஞ்சத்தில் இன்னொன்று.

“பை ஆன்ட்டி!” போன் கட்.

“ரெண்டாவது விசில்க்கா,” என்றான் பெனிஷ். “துவரம்பருப்பு. இன்னும் ஒண்ணு விட்டா வெந்துரும். எந்த மால்ல ட்ரையல் ரூமுக்குள்ள குக்கர் வைக்க விடுறாங்க?”

“மோட்டார் ஹோம்ல விடுவாங்க.”

“அப்படின்னா… அம்மாவும் பொண்ணும் வண்டிக்குள்ளயே இருக்காங்க! ஆன்ட்டியையும் சேத்துல்ல தூக்கிட்டுப் போயிருக்கான் கிரிஸ்! ஆனா கடத்திட்டுப் போனவங்க எதுக்குக்கா சாம்பார் வைக்கிறாங்க?”

“அதுக்கு முன்னால இன்னொண்ணு கேளு. கடைக்குப் போறவங்க மளிகை லிஸ்ட்டை எதுக்கு வீட்டுல வச்சிட்டுப் போறாங்க?”

பெனிஷ் திருமூர்த்தியின் சட்டைப் பையைத் திரும்பிப் பார்த்தான்.

“பார்க் ஆபீஸ் பக்கத்துல கடை இருக்கு,” என்றாள் வான்மதி. “ஒரு சிவப்புத் தொப்பி வாங்கிப் போட்டுக்கிட்டு, கேட்டுல இருந்து எங்களைப் பாத்து நடந்து வா. வாயைத் தொறக்காத.”

“எதுக்கு?”

“கண்ணுக்கு ஒரு டெஸ்ட் வைக்கணும்.”

தொப்பியில் ஒரு இறால் படம் போட்டிருந்தது. பெனிஷ் அதை மாட்டிக்கொண்டு, கையை வீசி, சினிமா மாப்பிள்ளை மாதிரி நடந்து வந்தான். பாதி தூரம் வருவதற்குள் திருமூர்த்தி எழுந்துவிட்டார்.

“அதோ வர்றான் பாருங்க! வண்டியை எங்கயோ வித்துப்போட்டு, வெக்கமில்லாம நடந்து வர்றான் பாருங்க! டேய் கிரிஸ்!”

வரிசையிலிருந்து ஒரு ஜோடிச் செருப்பை எடுத்துக்கொண்டு அறுபத்துமூன்று வயசுக்காரர் பாய்ந்து வந்த வேகம் இருக்கிறதே! பெனிஷ் டேபிளைச் சுற்றி ஓடினான். வாயைத் திறக்காதே என்று உத்தரவு. செருப்பு காதோரம் பறந்தபோது உத்தரவாவது ஒன்றாவது.

“ஐயோ அங்கிள், நான் பெனிஷ்! இப்பத்தான எனக்குக் காபி குடுத்தீங்க! போட்டோல பாத்தா நான் கிரிஸைவிடக் கறுப்பு அங்கிள், ஒரு ஜாண் குட்டை!”

திருமூர்த்தி அப்படியே நின்றார். பத்தடி தூரம்தான். கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தார். ஒரு எட்டு முன்னால் வந்தார். இன்னொரு எட்டு. மூக்குக்கு நேரே வந்த பிறகுதான் கையிலிருந்த இரண்டாவது செருப்பு கீழே விழுந்தது.

“உக்காருங்க அங்கிள்,” என்றாள் வான்மதி, குரலைத் தணித்து. “பாக்கெட்ல இருக்கிற அந்த மளிகை லிஸ்ட்டைக் கொஞ்சம் படிங்க.”

“கண்ணாடி வண்டிக்குள்ள இருக்கு கண்ணு.”

“மூக்கு மேல இருக்கு அங்கிள்.”

அவர் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தார். பாக்கெட்டிலிருந்து எடுத்து நீட்டினார். பெனிஷ் வாங்கிப் பிரித்தான். மடித்த ரூல் பேப்பர், பெரிய பெரிய எழுத்து. கிண்டலாக ஆரம்பிக்கப் போனவன், முதல் வரியைப் பார்த்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒழுங்காகப் படித்தான்.

‘வண்டியை நான்தான் எடுத்துட்டுப் போறேன். பயப்பட வேண்டாம், எனக்கு ஓட்டத் தெரியும். லைசென்ஸ் வாங்கி மூணு மாசம் ஆச்சு. கார்டை உங்க தட்டுக்குப் பக்கத்துலயே வச்சேன். ஏதோ கடை கூப்பன்னு தள்ளி வச்சீங்க. அன்னைக்குத்தான் எனக்குச் சந்தேகம் தீந்துது. அதனாலதான் பெரிய எழுத்துல எழுதுறேன், முடியலன்னா யாரையாவது படிக்கச் சொல்லுங்க.

பதினோரு நாளா எக்ஸிட் எல்லாம் நான்தான் படிக்கிறேன். போன வாரம் சிவப்பு லைட்டையும் நான்தான் கத்திச் சொன்னேன். நாளைக்குச் சம்பந்தியையும் ஏத்திக்கிட்டு அந்தப் பாலத்துல நீங்க ஓட்டுறதா இருந்தா நான் ஏற மாட்டேன். என் பொண்ணையும் ஏத்த மாட்டேன். கண் டாக்டர்கிட்ட வர்றேன்னு உங்க வாயால போன்ல சொல்லுங்க. அதுவரைக்கும் வண்டி வராது. மத்தவங்க யாரும் உங்க போனை எடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்.

கிரிஸ்தான் எனக்குப் பெரிய வண்டி ஓட்டச் சொல்லிக் குடுத்தான். உங்க மானம் போகக் கூடாதுன்னுதான் நேத்து அவனே பாலத்துல ஓட்டுறேன்னு கேட்டான். அவனைத் திட்டாதீங்க. ஃபிளாஸ்க்ல காபி இருக்கு, சர்க்கரை போட்டாச்சு. நாகமணி.’

பெனிஷ் மடித்து வைத்தான். கடத்தல் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே ஏழு மணி நேரமாகத் திருடனைத் தேடியிருக்கிறார் மனுஷன்! ஆன்ட்டி அங்கே போன் வரும் போன் வரும் என்று குக்கரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, இவர் இங்கே அவளுக்கு பிரஷர் ஏறிவிடுமே என்று போனே பண்ணாமல் இருந்திருக்கிறார். சிரிக்க வேண்டிய சமாச்சாரம்தான். ஆனால் திருமூர்த்தியின் முகத்தைப் பார்த்த பிறகு அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

“ஒரு வருஷமாச்சு கண்ணு,” என்றார் அவர். “எல்லாம் பனி மூடின மாதிரி. எதிர்ல லைட் அடிச்சா ஒண்ணுமே தெரியறதில்ல. சொன்னா ஸ்டியரிங்கை வாங்கிருவாங்கன்னு பயம். முப்பத்தஞ்சு வருஷம் ஆபீசுக்கும் வீட்டுக்கும் ஓட்டினேன். எனக்குன்னு ஓட்டுறதுக்கு இந்த ஒரு வண்டிதான்.”

“சிவப்பு லைட்டு?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “அவ கத்தலைன்னா போயிருப்பேன். குறுக்கே ஒரு அம்மா தள்ளுவண்டியில கொழந்தையோட போச்சு. அதைக்கூட அவ சொல்லித்தான் தெரியும்.”

கடல் காற்று சும்மா வீசிக்கொண்டிருந்தது. வான்மதி பாக்கெட்டிலிருந்து கொஞ்சம் வறுகடலையை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

“எங்கப்பாவுக்கும் கண்ணுல புரை இருந்துச்சு அங்கிள். ஆபரேஷன் முடிஞ்ச மறுநாள் கேலண்டர் தேதியை வாசல்ல இருந்தே படிச்சார். நீங்க திருப்பி ஓட்டுவீங்க. முதல்ல போனைப் போடுங்க. நம்பரை நான் போட்டுத் தரட்டுமா?”

“வேண்டாம். அந்த ஒரு நம்பர் விரலுக்குத் தெரியும்.”

முதல் ரிங்கிலேயே எடுத்தாள் நாகமணி.

“நாகமணி… லெட்டரைப் படிச்சேன்.”

“யாரு படிச்சுக் காட்டுனா?”

திருமூர்த்தி பெனிஷ் நின்ற பக்கம் பார்த்தார். “ஒரு தம்பி. செருப்படி வாங்க இருந்தான், பாவம். டாக்டர்கிட்ட வர்றேன் நாகமணி. நீயே வண்டியைக் கொண்டா.”

பத்து மைல் தள்ளி, லீவு விட்ட ஒரு ஹைஸ்கூலின் காலி பார்க்கிங் லாட்டில்தான் வண்டி இருந்திருக்கிறது. அதிதியின் காரை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள். இரண்டரை மணிக்கு அந்த முப்பதடி வீடு கேட்டுக்குள் திரும்பியது. ஸ்டியரிங்கில் சுடிதார், நெற்றியில் குங்குமம், வெயிலுக்குத் தலையில் கிரிஸின் சிவப்புத் தொப்பி. பக்கத்து சீட்டில் கிரிஸ், விரல் நகத்தைக் கடித்தபடி. ஜன்னலில் அதிதி, கையில் சாம்பார்க் கரண்டி.

ரிவர்ஸ் எடுக்க வேண்டும். இத்தனை நாளும் திருமூர்த்தி ஓட்ட, நாகமணிதான் பின்னால் நின்று வழி சொல்வாள். இன்று அவர் போய் நின்றார். கையை ஆட்டி, “வா, வா, லெஃப்ட்ல ஒடி, வா…” என்று கத்தினார். ஒன்றும் தெரியவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். நாகமணி கண்ணாடியைப் பார்த்து அவள்பாட்டுக்கு ஒடித்து, கோடு போட்ட மாதிரி உள்ளே நிறுத்தினாள்.

“நல்லாத்தான் ஓட்டுறா,” என்றார் திருமூர்த்தி.

கிரிஸ் இறங்கினான். ஆன்ட்டியிடமிருந்து தொப்பியை வாங்கித் தலையில் மாட்டிக்கொண்டு, தயங்கித் தயங்கி நின்றான். திருமூர்த்தி விறுவிறுவென்று வந்தார். நேராக வந்து பெனிஷின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“மன்னிச்சுக்கடா மாப்ள. உன்னைத் திருடன்னு சொல்லிட்டேன். போலீசுக்குப் போக இருந்தேன். என்ற பொண்ணு வாழ்க்கையை நானே கெடுக்கப் பாத்தேனே…”

பெனிஷ் விழித்தான். இறால் தொப்பியைக் கழற்ற மறந்து தொலைத்திருந்தான். அவன் நாக்கு நுனியில் மூன்று ஜோக் இருந்தன. மூன்றையும் விழுங்கிவிட்டு, கிரிஸைக் கண்ணால் கூப்பிட்டான். கிரிஸ் ஓசைப்படாமல் பக்கத்தில் வந்தான். பெனிஷ் தன் கையை மெல்ல உருவிக்கொண்டு கிரிஸின் கையை அந்த இடத்தில் வைத்தான்.

திருமூர்த்தி பேச்சை நிறுத்தினார். பிடித்த கையைப் பிடித்தபடியே இருந்தார்.

“கை மாறினது தெரியுதுடா,” என்றார். “கண்ணுலதான் புரை. கையில இல்ல.”

அதிதி “அப்பா!” என்று சிரித்துக்கொண்டே அழ ஆரம்பித்தாள். நாகமணி முந்தானையில்லாத குறைக்குச் சுடிதார் துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, சாம்பார் ஆறுது என்று எல்லோரையும் விரட்டினாள். வான்மதி சிமென்ட்டில் குனிந்து நசுங்கிய பழங்களைப் பொறுக்கிக் குப்பையில் போட்டாள்.

கேட்டில் ஒரு வாடகைக் கார் திரும்பும் சத்தம் கேட்டது. மூன்றடிக்க ஐந்து நிமிஷம் இருந்தது. திருமூர்த்தி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். கிரிஸின் கையை மட்டும் விடவில்லை.

“மாப்ள, நீ என்ற பக்கத்துலயே நில்லு. யாரு எங்க வர்றாங்கன்னு மெல்லமா சொல்லு. வேற யாரையாச்சும் கும்பிட்டுறப் போறேன்.”

“அப்பா முன்னால வர்றாங்க மாமா,” என்றான் கிரிஸ் அவர் காதோரம். “அம்மா ரெண்டு எட்டு பின்னால.”